முப்பது ரூபாய் உத்தியோகம்

(கல்லூரி இறுதியாண்டு மாணவர்களும் வேலை தேடும் இளைஞர்களும் கூடியிருந்த நூலக அரங்கு ஒன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அதனால் வேலை கிடைக்க வழி சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான். உங்களுக்கு என்ன செய்யத் தெரியுமோ அதை, மதிப்பிடத் தெரிந்த ஒருவர் பார்வைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் பெயர்தான் வேலை தேடுவது. பயோடேட்டா, இன்டர்வியூ, ரெஃபரல், நௌக்ரி, லிங்க்ட்இன் எல்லாம் அதற்கான பாதைகள். பாதையையே ஊர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் தினமும் பத்து இடத்துக்கு அப்ளிகேஷன் தட்டிவிட்டு, ஒருவரும் கூப்பிடவில்லையே என்று ஓய்ந்துபோகிறார்கள்.

இதை விளக்க நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் வேலை தேடிய கதையைச் சொல்கிறேன். சீனிவாச ராமானுஜன். கணித மேதை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இன்றைக்கு ஒரு நாள் அவரை வேலையில்லாத ஒரு கும்பகோணத்து இளைஞராக மட்டும் பாருங்கள்.

1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. உபகாரச் சம்பளம் போய்விட்டது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. என்ற கல்லூரித் தொடக்கநிலைப் பரீட்சையில் 1906இலும் தோல்வி, 1907இலும் தோல்வி. 1909இல் கல்யாணம். கையில் இருந்தவை ஒரு மெட்ரிகுலேஷன் சர்டிஃபிகேட்டும் கணக்கு எழுதிய சில நோட்டுப் புத்தகங்களும். இன்றைய பேச்சில் சொன்னால் அரியர் இருக்கிறது, நடுவில் சில வருட கேப் இருக்கிறது, அனுபவம் இல்லை, குடும்பம் இருக்கிறது. இந்த அரங்கில் பாதிப் பேருக்கு இந்த நிலைமை புதிதல்ல.

அவர் என்ன செய்தார்? 1910இல் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். ராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு சாதாரண குமாஸ்தா வேலை. ஆனால் வேலை கேட்கப் போனவர் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துப் போயிருந்தார். ராமசாமி ஐயர் அதைப் புரட்டிப் பார்த்தார். இப்படிப்பட்டவரை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து பேராசிரியர் சேஷு ஐயர். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்து ஆதரித்தார். பிறகு அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்க்குக் கொஞ்ச நாள் தற்காலிக வேலை. 1912 பிப்ரவரி 9ஆம் தேதி சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு விண்ணப்பம். மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாயில் அங்கே குமாஸ்தா.

அவர் மேதை, நாங்கள் அப்படியா என்று நீங்கள் கேட்கலாம். கதையை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். அப்பேர்ப்பட்ட மேதைக்கே மார்க் ஷீட் ஒரு கதவைக்கூடத் திறக்கவில்லை. திறந்தது நோட்டுப் புத்தகம். அதுவும், அதைப் படிக்கத் தெரிந்தவர் கையில் கொடுத்த பிறகுதான் திறந்தது. மேதைக்கே அதுதான் வழி என்றால், முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் வைத்திருக்கிற நமக்கு அது இன்னும் அதிகமாகத் தேவை.

இப்போது அந்தத் துறைமுக விண்ணப்பத்தைப் பாருங்கள். சில வரிகளில் முடிந்துபோகிற கடிதம் அது. உங்கள் ஆபீஸில் ஒரு குமாஸ்தா இடம் காலி என்று அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று தொடங்குகிறார். மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் சொல்கிறார். மேலே படிக்கச் சூழ்நிலை இடம் தரவில்லை என்று ஒரே வரியில் கடந்துபோகிறார். அந்த இடைக்காலம் முழுவதும் கணிதத்தில் உழைத்ததைச் சொல்கிறார். கொடுத்தால் இந்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்று முடிக்கிறார். கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சான்றுக் கடிதம்.

இதில் அழுகை இல்லை. என் குடும்பம் பசியில் இருக்கிறது என்ற வரி இல்லை. படிப்பு நின்றதை மறைக்கவும் இல்லை, அதையே பேசிக்கொண்டிருக்கவும் இல்லை. எந்த இடம், என்ன தகுதி, எங்கே குறை, அந்த நேரத்தில் என்ன செய்தேன், என்னைத் தெரிந்தவர் யார். ஐந்தே விஷயம். நூற்றுப் பத்து வருடம் கழித்தும் ஒரு கவரிங் லெட்டருக்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியாது. கேப் இருக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எட்டு மாதம் வீட்டில் இருந்தேன், அந்த நேரத்தில் பக்கத்துக் கடைக்குக் கணக்கு எழுதினேன் என்று சொன்னால் எந்த மேனேஜரும் ஒத்துக்கொள்வார். தேதியை முன்னே பின்னே நகர்த்தி ஒட்டுப்போட்ட பயோடேட்டாதான் மாட்டிக்கொள்ளும்.

பயோடேட்டாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், தேசிய இனம், பாஸ்போர்ட் நம்பர், கீழே கையெழுத்தோடு 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி, மேலே 'சவாலான பணிச்சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள' என்ற குறிக்கோள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் பத்து ரூபாய் கொடுத்துப் பிரின்ட் எடுக்கிற எல்லோருடைய பயோடேட்டாவிலும் இதே வரி இருக்கிறது. படிக்கிறவர் கண் அதில் நிற்காது. மிச்சமாகிற இடத்தில் நீங்கள் செய்த வேலையை எழுதுங்கள்.

எப்படி எழுதுவது? சி.என்.சி. தெரியும் என்று ஒரு டிப்ளமோ தம்பி எழுதுகிறான். அது போதாது. என்ன மெஷின், எந்தக் கன்ட்ரோல், என்ன பார்ட் ஓட்டினாய், ஆஃப்செட் நீயே திருத்துவாயா, சூப்பர்வைசர் வரவேண்டுமா, எத்தனை மைக்ரான் டாலரன்ஸில் வேலை பார்த்தாய் என்று எழுதினால், படிக்கிற புரொடக்ஷன் மேனேஜர் அந்தக் காகிதத்தைத் தனியாக எடுத்து வைப்பார். பி.காம். படித்த தங்கை டேலி தெரியும் என்று எழுதுகிறாள். ஊரில் யாருக்குத்தான் டேலி தெரியாது? ஆடிட்டர் ஆபீஸில் இத்தனை கட்சிக்காரர்களுக்கு மாதா மாதம் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி போட்டேன், பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு சரிபார்த்தேன் என்று எழுதட்டும். தேதி தெரிந்தவள் வேலை தெரிந்தவள் என்பது படிக்கிறவருக்கு உடனே புரியும்.

பெரிய கம்பெனிகளில் பயோடேட்டாவை முதலில் படிப்பது சாஃப்ட்வேர். அதற்கு அலங்காரம் புரியாது. இரண்டு பத்தியாகப் பிரித்த டிசைன், ஐந்து நட்சத்திரத்தில் மூன்று நட்சத்திரம் போட்ட திறமைப் பட்டியல், படத்துக்குள் எழுத்து, இவை வேண்டாம். விளம்பரத்தில் அவர்கள் என்ன சொல்லால் கேட்டிருக்கிறார்களோ, அது உங்களுக்கு உண்மையிலேயே தெரியும் என்றால், அதே சொல்லைப் போடுங்கள். போன் நம்பர் சரிதானா என்று வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி, கொஞ்சம் கசப்பான ஒன்று. ராமானுஜன் கதையில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கடிதம் போனதே, அந்தப் பெயர்களைக் கவனித்தீர்களா? கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே சமூகத்தவர். அன்றைக்குக் கல்லூரியும் சர்க்கார் ஆபீஸும் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தன. அதே திறமையோடு அதே வருடத்தில் ஒரு குடியானவர் வீட்டிலோ சேரியிலோ பிறந்த பையனுக்குத் திருக்கோவிலூரில் அந்தக் கதவு திறந்திருக்குமா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது. இதே கேள்வியைக் கேட்டவர்களால்தான் 1921இல், அரசு வேலையில் எல்லா வகுப்பாருக்கும் இடம் தரச் சொன்ன வகுப்புரிமை அரசாணை வந்தது. 1929இல் இந்தியாவின் முதல் மாகாணப் பணியாளர் தேர்வாணையம் சென்னையில் அமைந்தது. யாரையும் தெரியாதவனும் பரீட்சை எழுதி உள்ளே வரட்டும் என்பதுதான் அதன் பொருள். அதன் வழிவந்ததுதான் இன்றைய டி.என்.பி.எஸ்.சி. ஆகவே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் கணக்கையும் பார்க்கவேண்டும். 2024 குரூப் 4 அறிவிக்கையில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள், இருந்தாலும் ஒரு நாற்காலிக்கு இருநூறு பேருக்குக் குறையவில்லை. இதில் குறையுள்ளவர் என்று யாரும் இல்லை, நாற்காலிதான் குறைவு. எனவே படியுங்கள், ஆனால் ஒரு வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். இத்தனை வயது வரை, இத்தனை முறை என்று வீட்டில் பேசி ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம் கோச்சிங் சென்டரும் வீடுமாக இருந்துவிட்டு இருபத்தெட்டாவது வயதில் முதல் இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். படித்த படிப்பு அவர்களிடம் நிறையவே இருக்கும். காட்டுவதற்கு ஒரு வேலைதான் இருக்காது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம் என்றும் சிலர் சொல்கிறார்கள். பதியுங்கள், புதுப்பியுங்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சட்டப்படி பொதுத்துறை நிறுவனங்களும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறையாமல் ஆட்கள் வேலை செய்கிற தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அங்கே தெரிவிக்கவேண்டும். அங்கே பதிந்தவரைத்தான் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பதிவு அட்டை உங்கள் சார்பில் யாரிடமும் போய்ப் பேசாது.

அப்படியானால், எனக்கு யாரையும் தெரியாது, நான் என்ன செய்வது? இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில் அப்போது சமீபத்தில் வேலை மாறியவர்களில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்று சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர், அல்லது வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிறவர் மூலம் தகவல் வந்திருந்தது. காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். டீக்கடையில் கூட இருப்பவனும் நம்மைப் போலவே வேலை தேடுகிறவன்தான். தூரத்து அறிமுகத்துக்குத்தான் வேறு உலகம் தெரியும். 2022இல் லிங்க்ட்இனில் 2 கோடிப் பேரின் தகவல்களை ஐந்து வருட அளவில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. அதுவும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. ரொம்ப நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத அறிமுகங்கள்தான் வேலைக்கு அதிகம் உதவுகின்றன.

சொந்தத்தில் பெரிய ஆள் இல்லையே என்று வருத்தப்படவேண்டாம். உங்கள் ஐ.டி.ஐ. இன்ஸ்ட்ரக்டர், மூன்று வருடம் முன்னால் படித்த சீனியர், இன்டர்ன்ஷிப் பார்த்த இடத்துச் சூப்பர்வைசர், நீங்கள் வேலை பார்த்த கடைக்குச் சரக்குப் போடுகிற சேல்ஸ் ரெப்ரசன்டேட்டிவ், மெஷின் ரிப்பேருக்கு ஊர் ஊராகப் போகிற சர்வீஸ் இன்ஜினியர், இவர்களுக்குத்தான் எந்தக் கம்பெனியில் ஆர்டர் கூடியிருக்கிறது, எங்கே யார் வேலையை விட்டார்கள் என்பதெல்லாம் தெரியும். கோயம்புத்தூர் கொடிசியா அரங்கில் நடக்கிற மெஷின் கண்காட்சிகளுக்குப் போய்ப் பாருங்கள். ஸ்டாலில் நிற்பவரோடு மெஷினைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். வேலை கேட்காதீர்கள், அவர் வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

அறிமுகத்திடம் எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. 'அண்ணா, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அவரால் என்ன செய்யமுடியும்? ஏதாவது என்றால் எது? 'அண்ணா, உங்க கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் எடுக்கிறதா கேள்விப்பட்டேன். நான் ஒரு வருஷம் சி.எம்.எம். பார்த்திருக்கேன். பயோடேட்டா அனுப்பியிருக்கேன். யாரைப் பார்க்கணும்னு மட்டும் சொன்னா போதும்' என்று எழுதினால் அவர் அதை அப்படியே மேனேஜருக்கு அனுப்பிவிடலாம். ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு 1913 ஜனவரி 16ஆம் தேதி எழுதிய கடிதத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். அடுத்த மாதம் எழுதிய இரண்டாவது கடிதத்தில் அவர் தெளிவாக ஒன்று கேட்டார். நீங்கள் பரிந்து ஒரு கடிதம் எழுதினால் எனக்கு இங்கே பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவித்தொகை கிடைக்கும் என்றார். கேட்டது என்ன, யார் செய்யவேண்டும், அதனால் என்ன நடக்கும், மூன்றும் அதில் இருந்தன. அதே வருடம் மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. ஹார்டிக்கு முன்னால் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு கணித அறிஞர்கள் கண்டுகொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பதில் வராத கடிதத்துக்காக அவர் பேனாவை மூடிவைக்கவில்லை.

இன்டர்வியூவுக்கு வருவோம். நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்தான் பயம். 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்ற ஒரு கேள்விக்கு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, நடுவில் ஒரு சொல் மறந்து, வியர்த்து நிற்பார்கள். மனப்பாடம் வேண்டாம். நீங்கள் செய்த ஒரு வேலையை, ஒன்றே ஒன்றை, தமிழில் உங்கள் அக்காவிடம் முழுதாகச் சொல்லிப் பாருங்கள். பிரச்சினை என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆயிற்று. அது தமிழில் தெளிவானால், சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியத்தில் தானாக வரும். கிராமரில் ஒரு 'இஸ்' விட்டுப்போனதற்காக ஆளை வேண்டாம் என்றவர்களைவிட, கேட்டதற்கு நேரான பதில் வரவில்லையே என்று வேண்டாம் என்றவர்கள்தான் அதிகம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல், எப்படிக் கண்டுபிடிப்பேன் என்றும் சொல்லுங்கள்.

முடிவில் அவர்கள், உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்பார்கள். 'நோ சார்' என்று எழுந்து வராதீர்கள். நான் யாரிடம் வேலை பார்ப்பேன்? முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்? இந்த இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே? மூன்றாவது கேள்வி முக்கியம். மேலே போனார் என்றால் நல்ல இடம். ஒரு வருடத்தில் மூன்று பேர் மாறினார்கள் என்றால் யோசிக்கவேண்டிய இடம். பெண்பிள்ளைகள் ஷிப்ட் நேரம், வண்டி வசதி, தங்குமிடம் எல்லாவற்றையும் தயங்காமல் கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கவேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வெளியூர் வேலை என்றால், வேலை பார்க்கும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் இருக்கின்றன. வீட்டில் அனுமதி வாங்க அது பெரிய துணை.

சம்பளம். ஆண்டுக்கு 3 லட்சம் பேக்கேஜ் என்றதும் மாதம் 25,000 என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். சி.டி.சி. என்பது கம்பெனிக்கு நீங்கள் ஆக்கும் மொத்தச் செலவு. பேசிக் 12,500 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,500. கிராஜுவிட்டிக்கு என்று பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 600. இவை போக 22,900. அதில் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500. கைக்கு வருவது சுமார் 21,400. இன்சென்டிவ், இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று அந்த 3 லட்சத்துக்குள்ளேயே சேர்த்திருந்தால் இன்னும் குறையும். எனவே, 'பிடித்தம் போகக் கையில் எவ்வளவு சார்?' என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து, நிறுவனமும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், கம்பெனி போடுவது 3.25 சதவீதம். வீட்டில் வயதான அப்பா அம்மாவை வைத்திருப்பவருக்கு அந்தக் கார்டின் மதிப்பு ஆயிரம் ரூபாய்ச் சம்பள உயர்வைவிடப் பெரியதாக இருக்கக்கூடும்.

பி.எஃப்.ஐப் பிடித்தம் என்று மட்டும் பார்க்காதீர்கள். யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணில் எந்தக் கம்பெனியில் என்று சேர்ந்தீர்கள், என்று விலகினீர்கள் என்று பதிவாகிக்கொண்டே வருகிறது. பெரிய கம்பெனிகள் அதைத்தான் சரிபார்க்கின்றன. காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் அங்கேதான் கிழியும். வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஓய்வூதியம் பெறப் பத்து வருடச் சேவை வேண்டும். பணத்தை எடுப்பவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்து அழித்துக்கொள்கிறார்கள்.

நியமனக் கடிதத்தை வாங்காமல் பழைய வேலையை விடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை எழுத்தில் தருவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் கம்பெனியின் பீரோவில் விட்டுவிட்டு வராதீர்கள். பாண்டு போடச் சொன்னால் படித்துப் பாருங்கள். வேலையை விட்டபின் இதே தொழிலில் வேறெங்கும் போகக்கூடாது என்ற நிபந்தனை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. அதற்காக எல்லாப் பாண்டும் வெறும் காகிதம் என்று நினைத்துவிடவேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் இவ்வளவு தரவேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025இல் செல்லும் என்றது. அந்தத் தொகை 2 லட்சம். கையெழுத்துக்கு முன் கேள்வி கேளுங்கள்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. வேலை கொடுக்கிறவன் உங்களுக்குப் பணம் தருவான், உங்களிடம் கேட்கமாட்டான். யூனிஃபார்ம், லேப்டாப், செக்யூரிட்டி டெபாசிட், எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டிலிருந்தே வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று டெலிகிராமில் வருவது முதலில் 150 ரூபாய் கொடுக்கும், பிறகு லட்சத்தை உருவும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.

வெளிநாடு என்றால் இன்னும் கவனம் தேவை. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளை மியான்மரின் மியாவாடிக்குக் கடத்திப்போய், சைபர் மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். போனவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டுக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

இப்போது வேலையில் இருந்துகொண்டே நல்ல வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு. துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலை ராமானுஜனுக்கு என்ன கொடுத்தது? சாப்பாடு கொடுத்தது, மாலை நேரம் கொடுத்தது. அதைவிடப் பெரியது, பக்கத்தில் நாராயண ஐயர் இருந்தார். தலைமைக் கணக்கர், கணிதம் தெரிந்தவர். அவருக்கு மேலே துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். இருவரும் தங்கள் குமாஸ்தாவுக்காகப் பரிந்து பேசினார்கள். ஹார்டிக்கு முதல் கடிதம் போகும்போது அவர் அந்த ஆபீஸில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனவே முதல் வேலையைச் சம்பளத்தை மட்டும் வைத்து நிறுக்காதீர்கள். யாருக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறேன், அவரிடம் எனக்குக் கற்க என்ன இருக்கிறது, இங்கே இரண்டு வருடம் இருந்தால் காட்டுவதற்கு என்ன இருக்கும் என்று பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, ஒரே பட்டனை இரண்டு வருடம் அழுத்த வைக்கிற இடம் பின்னால் விலை கேட்கும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் ஐந்து வரி எழுதுங்கள். இந்த வாரம் எது கெட்டது, எப்படிச் சரிசெய்தேன், எவ்வளவு மிச்சமாயிற்று. கம்பெனியின் டிராயிங்கையோ வாடிக்கையாளர் விவரத்தையோ அதில் எழுதக்கூடாது. அது உங்கள் சொத்தல்ல. நீங்கள் செய்ததை மட்டும் எழுதுங்கள். சம்பள உயர்வு கேட்கும் நாளிலும், வேறிடம் தேடும் நாளிலும் அந்த நோட்டு பேசும். மாறும்போது முறையாக நோட்டீஸ் கொடுங்கள், பொறுப்பை ஒப்படையுங்கள், ரிலீவிங் லெட்டர் வாங்குங்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனவரைப் பற்றி அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது, யாரும் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. உங்களில் பலருக்கு இன்னும் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ வேலை கிடைத்துவிடும். அப்போது நீங்கள் இன்னொருவருக்குத் 'தூரத்து அறிமுகம்' ஆகிவிடுவீர்கள். உங்கள் செக்ஷனில் ஓர் இடம் காலியானால் முதலில் யார் ஞாபகம் வரும்? சித்தப்பா மகன், ஒரே தெரு, ஒரே சாதி. இயல்புதான். ஆனால் நூறு வருடம் முன்பு பலருக்குக் கதவு சாத்தியே கிடந்தது இந்த இயல்பால்தான். அதனால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தகவல் சொல்கிற அன்றைக்கே, நீங்கள் படித்த ஐ.டி.ஐ.யின் நோட்டீஸ் போர்டுக்கும், உங்கள் கல்லூரி பிளேஸ்மென்ட் ஆசிரியருக்கும், இந்த நூலகத்தின் தகவல் பலகைக்கும் அதே தகவல் போகட்டும். முன்பின் தெரியாத பிள்ளை ஒருவன் பயோடேட்டா அனுப்பினால், அவன் என்ன செய்திருக்கிறான் என்று ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். தேறுகிறவன் என்றால் உங்கள் பெயரைப் போட்டு மேலே அனுப்புங்கள். தேறவில்லை என்றால் எது குறை என்று ஒரு வரி எழுதுங்கள்.